பரவாயில்லைக்கு மூன்று மதிப்பெண்

அகிலனுக்குக் கணக்கு என்றால் சின்ன வயதிலிருந்தே ஆகாது. சிங்கப்பூரின் பூன் லே வட்டாரத்தில் ஒரு சரக்குக் கிடங்கின் அலுவலகத்தில் பல வருடம் குப்பை கொட்டியவன் அவன். முப்பத்தைந்தைத் தாண்டிய பிறகு மாலை வகுப்பில் உளவியல் படிக்கப் போனதே, மனிதர்களைப் பற்றிப் படித்தால் எண்களிடமிருந்து தப்பிவிடலாம் என்ற நப்பாசையில்தான். முதல் பருவத்திலேயே புள்ளியியல் வந்து வழியை மறித்தது.

அழுதுகொண்டு படித்தான். பிறகு பித்துப் பிடித்துவிட்டது. எதையும் தாமதமாகக் கற்றவர்கள் கொடுக்கும் தொல்லை நமக்குத் தெரியாததா? "இந்தக் கடை பிரியாணிதான் பெஸ்ட்" என்று மனைவி வைஷாலி சொன்னால், "எத்தனை கடையில சாப்பிட்டுப் பாத்துட்டுச் சொல்ற?" என்று கேட்பான். இறுதித் தேர்வில் ஒரு கேள்வி வந்தது: உளவியலுக்காகப் புள்ளியியல் படித்ததில் நீங்கள் பெற்ற மிக முக்கியமான பாடம் எது? அகிலன் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினான். எண்ணுவதற்கு முன் எதை எண்ணுகிறோம் என்று கேட்க வேண்டும். மனத்தைப் பற்றிய எண் எதுவும் மனத்திலிருந்து நேராக வருவதில்லை, யாரோ கேட்ட கேள்விக்கு யாரோ சொன்ன பதிலிலிருந்து வருகிறது. பதிலைத் தப்பாகப் புரிந்துகொண்டால் பிறகு போடும் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் வீண். முழு மதிப்பெண் கிடைத்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது விடைத்தாளைத் திருத்தியவருக்கு எப்படித் தெரியும்?

பட்டம் வாங்கியதும், லிட்டில் இந்தியாவில் சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் இருந்த ஒரு நலச் சங்கத்தில் ஆய்வு அதிகாரியாகச் சேர்ந்தான். சங்கத்தின் மாடியில் புதன்கிழமைதோறும் ஒரு கூடல் நடக்கும். அக்கம்பக்கத்து வாடகை வீடுகளில் தனியாக வசிக்கும் தமிழ்ப் பெண்கள் வருவார்கள். தேநீர், கொஞ்சம் பாட்டு, நிறைய வம்பு. அந்த ஹாலை வேறு பலரும் கேட்டுக்கொண்டிருந்ததால், கூடல் தேவைதானா என்று கமிட்டிக்குச் சந்தேகம் வந்தது. கண்டுபிடிக்கும் பொறுப்பு அகிலன் தலையில் விழுந்தது.

ஆங்கிலத்தில் இருந்த கேள்விகளை அவனே தமிழாக்கினான். பதில்களுக்கு ஒன்றிலிருந்து ஐந்து மதிப்பெண் வரை ஐந்து கட்டம்: மிக மோசம், மோசம், அடுத்து ஒன்று, நன்று, மிக நன்று. நடுக்கட்டத்துக்கு 'சுமார்' என்று முதலில் போட்டான். பள்ளி ரிப்போர்ட் கார்டு மாதிரி இருந்தது. அடித்துவிட்டு 'பரவாயில்லை' என்று எழுதினான். ஆகா, மக்கள் பேசுகிற சொல் என்று தன் தோளைத் தானே தட்டிக்கொண்டான்.

வீடு வீடாகப் போய்க் கேட்டதும் அவன்தான். அப்படிப் போன வீடுகளில் ஒன்று ஹஸீனாவுடையது. கணவர் இறந்துவிட்டார், ஒரே மகன் தெம்பனிஸில் குடும்பத்தோடு இருக்கிறான். கூடலுக்குத் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து வட்டிலப்பம் செய்து கொண்டுவருபவர் அவர்.

"ராத்திரி நல்லா தூங்குறீங்களா ஆன்ட்டி?"

"பரவாயில்ல தம்பி."

"தனியா சாப்பிடுறது எப்படி இருக்கு?"

"பரவாயில்ல."

"பேச்சுத்துணைக்கு ஆள் இருக்காங்களா?"

ஹஸீனா கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "அதெல்லாம் பரவாயில்ல தம்பி. டீ போடட்டுமா?"

"பரவாயில்ல ஆன்ட்டி" என்றான் அகிலன். வேண்டாம் என்று பொருள். ஹஸீனாவுக்கும் அது புரிந்தது, எழுந்திருக்கவில்லை. அப்படியிருந்தும் அவன் கை மூன்றாவது கட்டத்தில்தான் டிக் போட்டது. சீக்கிரம் முடிந்ததே என்ற சந்தோஷம் வேறு.

முக்கால்வாசிப் பெண்கள் அதே கட்டத்தில்தான் இருந்தார்கள். மோசம் இல்லை என்றால் நல்லது என்றுதானே அர்த்தம்? அவர்களை 'நன்று' பக்கம் சேர்த்து அட்டவணை போட்டான். பெரும்பாலோர் நலமாக இருக்கிறார்கள் என்று அறிக்கை சொன்னது. செயலாளர் மங்களம், "ரிப்போர்ட் சூப்பர் லா அகிலன்!" என்றார், சிங்கப்பூர்ப் பேச்சுக்கே உரிய 'லா'வோடு. கமிட்டி கைதட்டியது, கூடலை நிறுத்தியது, ஹாலை ஒரு டியூஷன் வகுப்புக்குக் கொடுத்தது.

மாதம் ஒன்று போயிருக்கும். வைஷாலிக்குக் கடைவாய்ப்பல் பிடுங்க நாள் குறித்திருந்தார்கள். கூட வருவதாகச் சொன்ன அகிலன் மீட்டிங்கில் மறந்தே போனான். மதியம் போன் வந்தது.

"முடிஞ்சிருச்சு. டாக்ஸில வீட்டுக்கு வந்துட்டேன்."

"ஐயோ, சாரி வைஷு. இப்பவே வரேன்."

"வேணாம். பரவாயில்ல."

அகிலனுக்கு வேர்த்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். கல்யாணமான எந்தத் தமிழனுக்கும் அந்தப் பரவாயில்லையின் பொருளைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வீடு இருந்த செங்காங்குக்குப் போகும் ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்ன சொல்லிச் சமாளிப்பது என்று யோசித்தவனுக்குத் திடீரென்று உறைத்தது. வீட்டில் இந்தச் சொல்லைக் கேட்டால் விழுந்தடித்து ஓடுகிறேன். ஹஸீனா வீட்டில் கேட்டபோது மூன்று மதிப்பெண் போட்டேனே! ரயிலில் யாரும் அவனைப் பார்க்கவில்லை. ஆனாலும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மறுநாள் பதில்களை மறுபடி எடுத்துப் பார்த்தான். சில பெண்கள் உண்மையிலேயே நன்றாக இருந்திருக்கலாம். சிலர், உனக்கெதற்கு என் கவலை என்று சொல்லியிருக்கலாம். யாருடைய பரவாயில்லை எந்தப் பரவாயில்லை என்று இனி எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாது. தெரியவில்லை என்று எழுதியிருக்க வேண்டிய இடத்தில் நலம் என்று எழுதியிருந்தான். பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதிய பாடம் அது. நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

மங்களத்திடம் போய்ச் சொன்னான். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"விடுங்க அகிலன், யானைக்கும் அடி சறுக்கும். அடுத்த சர்வேல வார்த்தைய மாத்திக்கலாம் லா. இப்பப் போய்க் கமிட்டில சொன்னா உங்க பேரும் போயிடும், என் பேரும் போயிடும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறார் என்று அவனுக்குத் தெரிந்தது. ஆனால் அதைக் கேட்டதும் அவனுக்கு முதலில் வந்தது கோபமில்லை, நிம்மதி. சரி என்று தலையாட்டினான். வெளியே வந்த பிறகுதான் அந்த நிம்மதியை நினைத்து அவமானமாக இருந்தது. அதைத் தாங்க முடியாமல், அன்று சாயங்காலமே ஹஸீனா வீட்டுக்குப் போனான்.

ஹஸீனா கிரில் கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்குப் பின்னால் நின்றபடியே அவன் சொல்வதைக் கேட்டார். அகிலன் எல்லாவற்றையும் சொன்னான்: நடுக்கட்டம், அட்டவணை, தன்னுடைய தப்பு. "என்னாலதான் கூடல் நின்னுபோச்சு ஆன்ட்டி. மன்னிச்சிருங்க" என்று முடித்தான்.

முடித்துவிட்டுக் காத்திருந்தான். எதற்காகக் காத்திருக்கிறான் என்று அவனுக்கே புரிந்தபோது செத்துவிடலாம் போல இருந்தது. அந்த ஒரு சொல்லை அவர் இன்னொரு முறை சொல்லிவிட மாட்டாரா என்றுதான்.

ஹஸீனா சொல்லவில்லை.

"நின்னுபோச்சுன்னு எங்ககிட்ட யாரும் சொல்லல தம்பி. வட்டிலப்பம் செஞ்சு எடுத்துக்கிட்டு வந்தேன். மாடியில பிள்ளைங்க படிச்சிக்கிட்டு இருந்தாங்க. ஒரு பொண்ணு, யாரு வேணும்னு கேட்டுச்சு." கம்பியைப் பிடித்துக்கொண்டார். "தூக்கம் வரலன்னு உங்ககிட்ட எப்படிச் சொல்வேன்? மகன் பாத்துக்கலன்னு நீங்க எழுதிட்டா?"

அகிலன் தலைகுனிந்து நின்றான்.

"இதைக் கமிட்டில சொல்லிட்டீங்களா?"

"இல்ல ஆன்ட்டி."

"சொல்லப் போறீங்களா?"

அகிலன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். உள்ளே எங்கோ குக்கர் விசில் அடித்தது. ஹஸீனா திரும்பிப் பார்க்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூடலத் திரும்ப நடத்த வேண்டியவங்க அங்க இருக்காங்க. அவங்ககிட்ட சொல்லாம, என்கிட்ட எதுக்கு தம்பி வந்தீங்க?"