பங்குனியில் நட்ட காலிஃப்ளவர்

எழுபதுகளில் கல்யாணமாகி மரக்காணத்துக்கு வந்த புதிதில், உப்பு ஆபீஸ் கிளார்க்கான என் கணவர் பெங்களூரிலிருந்து காலிஃப்ளவர் விதை வாங்கிவந்து, பங்குனியில் தோட்டத்தில் போட்டார். உப்பளமே கொதிக்கும் அந்த வெயிலில் செடிகள் முழங்கால் உயரத்துக்கு இலைவிட்டன. பூவை மட்டும் காணோம்.

தினமும் காலையில், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் ஒவ்வொரு செடியையும் தொட்டுப் பார்ப்பார். பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "இன்னும் ஒண்ணும் விசேஷம் இல்லீங்களா?" என்று கேட்பார். புதுப்பெண்ணான எனக்கு அது செடியைப் பற்றிய கேள்வியா, என்னைப் பற்றியதா என்று புரியாது. பொதுவாகச் சிரித்துவைப்பேன்.

கடைசியில் என் கணவர் பாண்டிச்சேரி விதைக்கடையில் கேட்டார்.

"வெயில்ல பூ கட்டாதுங்க. ஆவணியில விதைச்சு, புரட்டாசியில நாத்தைப் புடுங்கி நடுங்க. மார்கழிப் பனிக்குத் தானா கட்டும்" என்றார் கடைக்காரர்.

அப்படியே செய்தோம். மார்கழியில் தேங்காய் அளவுக்கு ஒரு பூ திரண்டது. தெருவையே கூப்பிட்டுக் காட்டியபிறகுதான் வெட்டவிட்டார். சமைக்கும்முன் வெந்நீரில் போட்டேன். நாலைந்து பச்சைப் புழுக்கள் மிதந்து வந்தன.

எட்டிப் பார்த்தவர், "எனக்கு ரசம் போதும்மா" என்று நகர்ந்துவிட்டார்.

மிளகு தூவி வறுத்து, முழுப்பூவையும் நானே சாப்பிட்டேன். பிரமாதமாக இருந்தது.