சேலத்துக்கு நாலு நாள்

பஸ் ஏஜெண்டைக் கட்டிக்கொண்டவளுக்கு வேலை உண்டு, லீவு கிடையாது. பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே குடியிருக்கும் சகோதரிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அப்போது யுத்த காலம். நாமக்கல்லிலிருந்து சேலம் முப்பத்திரண்டு மைல். பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரி அடுப்பு மூட்டி ஓட்டும் ஒரே ஒரு கரி பஸ், காலை எட்டேகாலுக்கு. போய்ச் சேர நாலு மணி நேரம். என் மகள் இரண்டாவது பிரசவத்துக்காகச் சேலம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். முதல் பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை. அவள் பிழைத்ததே பெரிது. சம்பந்தியம்மா துணைக்கு இருந்தார், நேரம் வந்ததும் தந்தி அடிப்பதாக ஏற்பாடு. என் பெட்டி தயாராக இருந்தது.

மூட்டை முன்னே

எதிரே இட்டிலிக் கடை வைத்திருந்த பழனியம்மாள், ஒரு வெள்ளிக்கிழமை துணி மூட்டையை என் வீட்டில் வைத்துவிட்டுக் கடைக்கே திரும்பினாள். திங்களன்று அவள் சேலம் போகவேண்டும். ஆனால் திங்களன்று பஸ் புறப்படுவது சரியாக ராகுகாலத்தில். நல்ல நேரத்தில் ஒரு மூட்டையை அயல் வீட்டில் வைத்துவிட்டால் ஆளே புறப்பட்ட கணக்காம். பரஸ்தானம் என்று பெயர் வேறு. எங்கள் வீடு பஸ்ஸுக்குப் பக்கம் என்பதால் ஊர் மூட்டையெல்லாம் என் கூடத்தில்தான்.

"சேலத்துக்கு எத்தனை நேரம்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று எரிந்து விழுந்தேன்.

"தெரியுமுங்க அம்மிணி. நாலு நாளுங்க."

வெல்ல மூட்டை

அடுத்த தெருக்காரர் ஒருவர் அதேபோல வெல்லத்தைக் கட்டி வைத்துவிட்டுப் போனார். மறுநாள் கூடம் முழுக்க எறும்பு. மூட்டையை ஆள் மூலம் அவர் வீட்டுக்கே அனுப்பிவிட்டேன். மனிதர் வாடிய முகத்தோடு வந்து நின்றார்.

"பாதி தூரம் போயிருந்தேனுங்க. மறுக்கா ஊட்டுக்கே கொண்டாந்து உட்டுட்டீங்களே!"

தலைக்கு மேலே

ஒரு நாள் காலை எங்கள் நாமக்கல் மலைக்கோட்டைக்கு மேலே ஏரோப்ளேன் ஒன்று சேலம் பக்கமாகப் பறந்தது. டிரைவர் உட்படப் பஸ்ஸே காலியாகி அண்ணாந்து நின்றது. சேலம் போக அதற்கு எவ்வளவு நேரமாகும் என்று என்னைக் கேட்டார்கள். கான்வென்டில் அடி வாங்கிப் படித்த கணக்கு வீண்போகவில்லை. "கால் மணி" என்றேன். மகளிடம் போய்ச் சேர எனக்கு வேண்டியதும் அந்தக் கால் மணிதான்.

கரியை ஊதி ஊதி முகம் கறுத்த டிரைவர் சொன்னார்: "நமக்கு அடுப்புப் பத்தவே முக்கா மணியாகுதுங்களே!"

திங்கட்கிழமை

தந்தி வந்தது திங்கள் காலை எட்டு மணிக்கு. முதல் பிரசவத்துக்கு நான் ராகுகாலத்தில் புறப்பட்டதை என் வீட்டுக்காரர் மறக்கவில்லை. வழிமறிக்கப் போகிறார், இன்றைக்கு இரண்டில் ஒன்று என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டேன். அவரோ பெட்டியைத் தூக்கிப் பஸ்ஸில் வைத்தார்.

பழனியம்மாள் ஓடி வந்தாள். கையில் என் நீலச் சேலை. மூன்று நாளாக அதைக் காணோமென்று வண்ணாத்தியைத் திட்டித் தீர்த்திருந்தேன்.

"வெள்ளிக்கெழமையே நீங்க பொறப்பட்டாச்சுங்க அம்மிணி. ஏஜெண்டய்யாதான் எங்கூட்டுல கொண்டாந்து வெச்சாரு."

திட்ட வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் அந்தச் சேலையை வாங்கி என் பெட்டிமேல் பத்திரமாக வைப்பதைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

மத்தியானம் ஆஸ்பத்திரியில் நுழைந்தபோது பேத்தி பிறந்து ஒரு மணி ஆகியிருந்தது. வெளுத்த முகத்தோடு, ஆனால் கண் திறந்து, என் மகள் கேட்டாள்:

"வெள்ளிக்கெழமையே நீங்க பொறப்பட்டாச்சுன்னு அப்பா எழுதியிருந்தாருங்களே! ஏனுங்கம்மா இத்தன நேரம்?"

ஏரோப்ளேனுக்குக் கால் மணி, கரி பஸ்ஸுக்கு நாலு மணி, பஸ் ஏஜெண்டின் பெண்டாட்டிக்கு நாலு நாள்.