தோற்றதற்கு ஒரு நாள் லீவு

என் மகள் அந்த ஆட்டத்தில் தோற்றாளா, தோற்றுக்கொடுத்தாளா? அவளுக்குப் பத்து வயது. நான் பெற்ற பிள்ளை. ஆனாலும் இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

ஆரம்பித்துவைத்தவர் அவளுடைய டென்னிஸ் பயிற்சியாளர். லண்டனில் நடக்கும் பெரிய புல்தரைப் போட்டியின் தகுதிச்சுற்றுகளைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்றார். அவர் சொன்னது மகளிடம். கடமையாக எடுத்துக்கொண்டது நான். பின்னலாடை ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். துணி வாங்கும் வெளிநாட்டு பையர் கேட்பதைத் தையல் பிரிவுக்கும், தையலில் நடப்பதை பையருக்கும் விளக்குவதுதான் பிழைப்பு. விதிமுறை என்று எதைக் கண்டாலும் கடைசி வரி வரை படித்துவிடுவேன்.

படித்ததை அவளுக்கும் விளக்கினேன். நேரடியாக இடம் கிடைக்காதவர்கள் ஒரு வாரம் முன்பே வேறொரு மைதானத்தில் ஆட வேண்டும். நூற்று இருபத்தெட்டுப் பேர். தொடர்ந்து மூன்று ஆட்டம் ஜெயித்தால்தான் பெரிய மைதானத்துக்குள் போக முடியும். கடைசியில் மிஞ்சுவது பதினாறு பேர்.

நாங்கள் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த போனை என் கணவர் எட்டிப் பார்த்தார். “அத்தன புல்லும் வெட்டியாக் கெடக்குது பாரு அம்மிணி. சேவூர்ல இருக்கற நம்ம மாடு ரெண்ட ஓட்டி உட்டாப் போதும்.”

“ஏனுங்க, புள்ள படிக்கறப்ப இப்படித்தான் பேசுவீங்களா?” என்றேன். எங்கள் வீட்டில் டென்னிஸும் படிப்புதான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். தகுதிச்சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றவர்களுக்கும் ஒரு வழி உண்டு என்பதையும் சொன்னேன். பெரிய மைதானத்தில் ஆட வேண்டிய யாராவது காயம், காய்ச்சல் என்று விலகினால், அந்த இடம் இவர்களில் ஒருவருக்குப் போகும். அவருக்கு ‘லக்கி லூசர்’ என்று பெயர். அவளுக்குப் புரியவில்லை.

“எங்க கம்பெனில ஆர்டருக்கு மேல கொஞ்சம் பீஸ் சேத்து வெட்டுவமல்ல? செக்கிங்ல ஏதாச்சும் கழிஞ்சா அந்தப் பீஸ் பெட்டிக்குள்ள போகும். அந்த மாதிரி.”

“எதுவுமே கழியலீன்னா?”

“காலைல கையெழுத்துப் போட்டுட்டுக் காத்துக்கிட்டே இருக்கோணும். எப்பக் கூப்புடுவாங்கன்னு தெரியாதல்ல.”

“தனியாவா?”

“சின்னப் புள்ளைங்கன்னா அம்மாவோ அப்பாவோ கூட இருப்பாங்க.”

“நாள் பூராவுமா?”

“நாள் பூராவும்.”

நல்ல கேள்வியாகக் கேட்கிறாளே என்று பெருமைப்பட்டேன்.

அடுத்த மாதம் கோயம்புத்தூரில் சிறுமிகளுக்கான போட்டி. தரை சிமெண்ட், விதி மட்டும் லண்டன் மாதிரி. சனி, ஞாயிறு தகுதிச்சுற்று, திங்கட்கிழமை முதல் பிரதானச் சுற்று. சனிக்கிழமை ஜெயித்தாள். ஞாயிறு காலை பஸ்ஸில் போகும்போது மறுநாள் திட்டத்தைச் சொன்னேன். “இன்னைக்கு ஜெயிச்சா நாளைக்குக் காலைல மேட்ச்சு. வெரசா முடிஞ்சிரும். உன்ன ஸ்கூல்ல உட்டுட்டு நான் கம்பெனிக்குப் போயிருவேன். ஷிப்மெண்ட் இருக்குது கண்ணு.” குறை சொல்ல முடியாத திட்டம்.

தகுதிச்சுற்றின் கடைசி ஆட்டம் அது. முதலில் அவள் கைதான் ஓங்கியிருந்தது. பிறகு அவள் போட்ட சர்வீஸெல்லாம் வலையில் போய் விழுந்தன. தோற்றாள். அழவில்லை. முகம் கழுவிக்கொண்டே கேட்டாள்: “நாளைக்குக் கையெழுத்துப் போட எத்தன மணிக்கும்மா வரோணும்?”

கம்பெனி மேனேஜரை அழைத்து மறுநாள் லீவு கேட்டேன். “புள்ள ஜெயிச்சிருச்சுங்களா?” என்றார்.

“இல்லீங்க சார், தோத்துட்டா. அதுக்குத்தானுங்க லீவு.”

“தோத்ததுக்கா?”

விளக்கினேன். “சரிங்க. போன மட்டும் ஆஃப் பண்ணீராதீங்க.”

திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டு இருவரும் வேலியோரம் உட்கார்ந்தோம். என் போன் அடித்தது. எழுந்தேன். “அம்மா, கூப்புடறப்ப நாம இல்லீன்னா அடுத்த ஆளக் கூப்புட்டுருவாங்க. ரூல்ஸ்” என்றாள். விதி என்றால் விதிதான். போனை சைலண்டில் போட்டேன். அவள் பேசிக்கொண்டே இருந்தாள். வகுப்பில் அவளை வேறு பெஞ்சுக்கு மாற்றியதும், பக்கத்தில் உட்கார்ந்த தோழி இப்போது பேசுவதில்லை என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டும் பழைய செய்தி.

அன்று ஆட வேண்டிய எல்லாப் பிள்ளைகளும் நல்ல ஆரோக்கியத்தோடு வந்து சேர்ந்தார்கள். ஒருத்தியை மட்டும் காணவில்லை. அவள் வரும் கார் வழியில் நின்றுவிட வேண்டும் என்று, வெளியில் சொல்ல முடியாத ஒரு வேண்டுதலை வேண்டிக்கொண்டேன். கடைசி நிமிடத்தில் கார் வந்தது. அந்தப் பெண் மட்டையோடு குதித்து ஓடினாள். என் மகள் கை தட்டினாள்.

மாலையில் போட்டி நடத்துபவர் வந்தார். “இனிமே யாரும் வெலகமாட்டாங்க. நீங்க ஊட்டுக்குக் கெளம்பலாமுங்க.”

“இன்னுங் கொஞ்ச நேரம் இருக்கறமுங்க சார்,” என்றாள் மகள். “யாருக்காச்சும் காச்சல் வந்தா?”

அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொல்லிப் பயிற்சியாளர் கேட்கிறார். ஆட்டம் போதாமல் தோற்றிருந்தால் பயிற்சியைக் கூட்ட வேண்டும். தெரிந்தே தோற்றிருந்தால், கூட்ட வேண்டியது வேறு ஏதோ. அவளிடமே கேட்டுவிடலாம்தான். ஆனால் “ஆமா” என்று சொல்லிவிட்டால், அதற்கு அடுத்த வரி எந்த விதிமுறையிலும் இல்லை. பெயர் கொடுப்பதற்குள் கேட்டாக வேண்டும். உங்கள் பிள்ளையிடம் இப்படி ஒன்றைக் கேட்டவர்கள் யாராவது இருந்தால், அந்தப் பேச்சை எப்படித் தொடங்கினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.