அந்த மஞ்சளை வைத்தது யார்?

யாரோ கட்டி அவிழ்த்த புடவையைப் புதுசு என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

மகள் வளைகாப்புக்காக நேற்று கள்ளக்குறிச்சியில் இந்த அரக்கு நிறப் புடவையை வாங்கினேன். இன்று காலை மஞ்சள் வைக்கப் பிரித்தால், முந்தானை ஓரத்தில் ஏற்கெனவே மஞ்சள்!

கடைக்குக் கொண்டுபோனேன். முதலாளி முகர்ந்து பார்த்தார்.

"இன்னா பெரியவரே, விசேஷத்துக்குக் கட்டிக்கினு, திருப்பிக் குடுக்க வந்துட்டீங்களா?"

"வளைகாப்பே வர்ற வெள்ளிக்கிழமைதான்யா!"

"இந்த மாசம் நீங்க மூணாவது ஆளுங்க."

"முன்னாடி வந்த ரெண்டு புடவையும் எங்க?"

அவர் செல்போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமைக்குள் முதலாளி வேறு புடவை தர வேண்டும். வாங்குகிறவர்கள் கடையிலேயே முந்தானையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இதைப் படிப்பவர்களில் யாராவது அரக்கு நிறப் புடவையைக் கட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தால், கீழே உண்மையை எழுத வேண்டும்.