காலி வீடுகளைத் தட்டியவர்

லிங்கி ஊர்ப் பக்கம் மூடப்பட்டுவிட்ட ரப்பர் தோட்டமொன்றில் காவலுக்கு இருந்தவர் அவர். ஒல்லியான உடம்பு, கழுத்துவரை பொத்தான் போட்ட காக்கிச் சட்டை. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வரிசையில் காலியாகக் கிடந்த ஒவ்வொரு வீட்டையும் கடக்கும்போது கதவை இரண்டு முறை தட்டிவிட்டுத்தான் நகர்வார்.

பல்கலைக்கழக ஆய்வுக்காக என் மகளை அங்கே அழைத்துப் போயிருந்தேன்.

"நீ படிக்கிறது சரித்திரமா, பாப்பா?"

"இல்ல தாத்தா, சமூகவியல். இப்ப இருக்கிறவங்களைப் பத்தி. இங்க நீங்க ஒருத்தர்தான் மிச்சம்."

"அப்ப நான் போயிட்டா சரித்திரக்காரன் வருவான் லா," என்று சிரித்தார். "அவனுக்கு யாரு பதில் சொல்றது?"

மகள் பேனாவை மூடிவிட்டாள். அவள் கொண்டுவந்த கேள்விப் படிவத்தில் பாதிக்கு மேல் வெறுமையாகவே கிடந்தது.

நாங்கள் கிளம்பும்போது எங்கள் கார் கதவையும் இரண்டு முறை தட்டினார். உள்ளே நாங்கள் இருந்தோம்.

அதன்பின் மகளின் அறைக் கதவைத் தட்ட எனக்குக் கை எழுவதில்லை. பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். அவள் பதில் சொல்லும்வரை அங்கேயே நிற்கிறேன்.