இஸ்திரி போட்ட சீட்டு

“இதுல இருந்த எழுத்தெல்லாம் எங்கடி போச்சு?” என்று கேட்டாள் சித்தி. அவள் கையிலிருந்த சீட்டு கரியாய்க் கறுத்திருந்தது.

சித்தி ஒரு சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறாள். ஊரில் சித்தப்பாவை இழுத்துப் போனவர்கள், அடுத்து அவளைத் தேடி வந்தார்கள். தப்பி இங்கே வந்து அடைக்கலம் கேட்டு மனுக் கொடுத்தாள். முடிவு வரும்வரை அவளை நாட்டைவிட்டு அனுப்பக் கூடாது என்பதற்கு இருந்த ஒரே அத்தாட்சி அந்தச் சீட்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டிப் புதுப்பிக்க வேண்டும்.

கைப்பையில் எட்டாக மடிந்து கிடந்ததை, புதுப்பிக்க வேண்டிய நாள் காலையில், துணிக்கு அடியில் வைத்து ஓர் இழுப்பு இழுத்திருக்கிறாள். கடை ரசீது போலச் சூட்டில் அச்சாகும் தாள் அது என்று பிறகுதான் தெரிந்தது.

“காகிதத்துக்கு யாராவது இஸ்திரி போடுவாங்களா சித்தி?”

“கசங்கின தாளோட போய் நின்னா மதிப்பாங்களா? பாக்க நல்லா இருக்கட்டும்னுதான்டி…” அந்தக் கறுத்த சீட்டோடுதான் அலுவலகத்துக்குக் கிளம்பினோம்.

பேருந்தில் சீருடைக்காரர் ஒருவர் ஏறியதும் என் கையை நெரித்துவிட்டாள். பயணச்சீட்டுப் பரிசோதகர்தான்.

கவுன்ட்டரில் இருந்த பெண் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மனு எண் இல்லாமல் தேட முடியாதாம். இன்று பதியாவிட்டால் மனுவைக் கைவிட்டதாகக் கணக்காம். பள்ளி முடித்துச் சும்மா இருக்கும் நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

சித்தி கண்ணை மூடினாள். நாளெல்லாம் துணிகளில் எண் குறிப்பவள். மனு எண்ணின் பதினோரு இலக்கங்களையும் ஒரே மூச்சில் ஒப்பித்தாள். நான் திருப்பிச் சொன்னேன். அந்தப் பெண் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். அப்படி ஒரு மனுவே இல்லை.

“நீ என்ன சொன்னேன்னு எழுதிக் காட்டு” என்றாள் சித்தி.

எழுதினேன். கடைசி எட்டையும் ஆறையும் பதற்றத்தில் மாற்றியிருந்தேன்.

“படிச்சவளாம்! உங்கிட்ட துணியைக் குடுத்தா எவன் சட்டை எவன் வீட்டுக்குப் போகுமோ!”

மறுபடி தட்டியதும் திரையில் சித்தியின் முகம் வந்தது. இயந்திரத்திலிருந்து வெளிவந்த புதுச் சீட்டு லேசாகச் சுட்டது. சித்தி பதறிப்போய் அதை ஊதினாள்.

விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை. தபால் பெட்டி சத்தம் கேட்டாலே இருவருக்கும் திக்கென்கிறது.

உங்களுக்குத் தெரிந்த யாராவது இப்படி ஒரு சீட்டோடு காத்திருந்தால், இந்தக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். எண்ணை இன்னோர் இடத்திலும் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.