பனிச்சுவருக்கு முதுகு காட்டிய கார்

ஸ்டார்ட் ஆகாத கார் எதுவானாலும் குன்வோர் முதலில் அதன் பின்பக்கம்தான் போவாள். பானெட்டைத் திறந்து வைத்துக் காத்திருப்பவர்களுக்கு எரிச்சல் வரும். "இஞ்சின் இந்தப் பக்கம் இருக்கும்மா" என்பார்கள். அவள் காதில் வாங்காமல் குனிந்து, சைலன்சர் குழாய்க்குள் விரலை விட்டுப் பார்ப்பாள். பிறகு ஜன்னலில் முகத்தை ஒட்டி உள்ளே யார் யார் என்று பார்ப்பாள். ஒரு மார்ச் மாதப் பிற்பகலில் வந்த பழக்கம் இது.

நார்வேயின் வடகோடியில் எங்கள் மலைச்சாலையில் காற்று எழுந்தால் தடுப்புக் கட்டையை இறக்கிவிடுவார்கள். பனி தள்ளும் லாரி வரும்வரை கார்கள் அங்கேயே நிற்கும். வந்ததும் அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு மலையைக் கடக்கும். வரிசையின் கடைசி வண்டி குன்வோருடையது. மீன் தொழிற்சாலையில் மோட்டார் பழுது பார்த்துக்கொண்டிருந்தவள், கணவனை விட்டுப் பிரிந்ததும் அந்த வேலையையும் விட்டுவிட்டு ஓர் இழுவை வண்டி வாங்கினாள். குரல் பெரிது, சிரிப்பு அதைவிடப் பெரிது. வாயில் எந்நேரமும் ஒரு காய்ந்த மீன் துண்டு இருக்கும்.

அந்த மார்ச் பிற்பகலில் மலையைக் கடக்கவிருந்தது அன்றைய கடைசி வரிசை. அதில் ஒரு பழைய பெட்ரோல் கார் மட்டும் கிளம்பவில்லை. அது அவளோடு பள்ளியில் படித்த ஓட்முண்டின் கார். பின் சீட்டில் அவன் தம்பி ஸ்டைனார் ஜாக்கெட்டைப் போர்த்திக்கொண்டு சுருண்டு கிடந்தான். மறுநாள் காலை மலைக்கு அந்தப் பக்கம் ஸ்டைனாரின் மகளுக்கு ஞானஸ்நானம். அதற்காகவே படகிலிருந்து இறங்கி நேரே வந்திருந்தான்.

"பேட்டரி புதுசு, இப்பவே சொல்லிடறேன்" என்றான் ஓட்முண்ட். "மத்தியானத்துலேர்ந்து ஹீட்டருக்காக ஓடிக்கிட்டே இருந்துச்சு. பொசுக்குனு நின்னுபோச்சு."

"உன் பேச்சைக் கேட்டு அலுத்திருக்கும். தம்பியை இறங்கித் தள்ளச் சொல்லேன்."

"அவனா? வலை இழுத்துட்டு வந்து பொணம் மாதிரி தூங்கறான். சிகரெட் பிடிக்க நான் எத்தனை தடவை கதவைத் திறந்து வெளியே போய் வந்தேன், அசையலயே!"

அவள் பானெட்டைத் தூக்கினாள். சாவியைத் திருப்பச் சொன்னாள். செல்ஃப் நன்றாக அடித்தது; இஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினாள். நுனி பெட்ரோலில் நனைந்திருந்தது. பொறியும் நீலமாக வந்தது. எரிபொருள் வருகிறது, நெருப்பு இருக்கிறது. மிச்சம் காற்றுதான். புயலில் மாவுப்பனி புகுந்து ஏர் ஃபில்டர் அடைத்துக்கொள்வது இங்கே வழக்கம். திறந்து பார்த்தாள். உலர்ந்து சுத்தமாக இருந்தது.

"அதுக்குள்ள பனி போகாது" என்றான் அவன் பெருமையாக. "காத்துக்கு முதுகு காட்டி, பின்பக்கத்தை ரோட்டோரம் லாரி தள்ளிக் குவிச்ச பனிச்சுவரோட சேர்த்து நிறுத்தினேன். நான் என்ன தெற்கத்திக்காரனா?"

"சைக்கிள் செயின் மாட்டத் தெரியாம அழுதவன் நீ. பேசாம இரு."

லாரி ஓட்டுநர் ஹாரன் அடித்தார். ஓட்முண்ட் நெற்றியை அழுத்திக்கொண்டான். "தலை வேற பொளக்குது."

"ராத்திரி குடிச்சியா?"

"நாளைக்குச் சர்ச்சுக்குப் போகணும். ஒரு சொட்டு தொடல."

ஸ்பேனர் அவள் கையிலேயே நின்றது. உள்ளே காற்று போகிறது. வெளியே வருகிறதா?

அவள் காரின் பின்பக்கம் ஓடினாள். பம்பர் தெரியவில்லை. சுவரிலிருந்து சரிந்த பனியும் காற்று கொண்டுவந்து குவித்த பனியும் டிக்கிவரை ஏறியிருந்தன. சைலன்சர் இருந்த இடம் வழவழவென்று வெள்ளையாக இருந்தது. பிற்பகல் முழுக்கப் புகை வெளியே போகவில்லை. அடித்தகடு துருப்பிடித்து ஓட்டையாகும் வயது அந்தக் காருக்கு; விஷப்புகை உள்ளேதான் ஏறியிருக்கும்.

"கதவைத் திற! எல்லாக் கதவையும் திறடா!"

ஸ்டைனாரின் கன்னத்தில் அறைந்தாள். தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. இருவரும் கால்களைப் பிடித்து இழுத்துப் பனியில் போட்டார்கள். மூச்சு இருந்தது, இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் சந்தேகம் வருமளவுக்கு மெலிதாக இருந்தது. லாரி ஓட்டுநர் வயர்லெஸ்ஸில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். புயல் வலுத்துக்கொண்டிருந்ததால் அவரால் காத்திருக்க முடியவில்லை. பனியில் கிடந்த ஸ்டைனாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே மற்றவர்கள் ஒவ்வொரு காராக மலையேறினார்கள்.

"தூங்கவிட்டேனே" என்றான் ஓட்முண்ட். "பாவம், தூங்கட்டும்னு ஜாக்கெட்டை நான்தான் போர்த்தினேன்."

ஊர்ப்பக்கமிருந்து ஆம்புலன்ஸ் வந்து ஆக்ஸிஜன் மாட்டி ஸ்டைனாரைத் தூக்கிச் சென்றது. அதில் இடமில்லாததால் ஓட்முண்டைக் குன்வோர் கூட்டிப்போக வேண்டியிருந்தது. கிளம்புமுன் காரை வழியிலிருந்து நகர்த்தப் பனியைத் தோண்டினாள். சைலன்சர் குழாய்க்குள் உருகி மறுபடி உறைந்திருந்த பனிக்கட்டியை ஸ்க்ரூ டிரைவரால் குத்தி உடைத்தாள். சாவியைத் தொட்டதும் இஞ்சின் பிடித்துக்கொண்டது. நல்ல, சீரான சத்தம்.

"நிறுத்து!" என்று கத்தினான் ஓட்முண்ட். "நிறுத்து அதை!"

ஸ்டைனார் பிழைத்துக்கொண்டான். ஞானஸ்நானம் கோடையில் நடந்தது. குழந்தையை ஏந்தி நின்றவனிடம் பாதிரியார் அதன் பெயரைக் கேட்டபோது, அது நினைவுக்கு வராமல் மனைவியின் முகத்தைப் பார்த்தான். இன்றும் சில காலைகளில் அப்படித்தான் பார்க்கிறான். கடலுக்குத் திரும்பவில்லை.

காற்று எழும் நாட்களில் வரிசை நெடுக நடக்கிறாள் குன்வோர். உள்ளே யாராவது தூங்கினால் ஜன்னலைத் தட்டுகிறாள். திட்டுகிறார்கள். தலை நிமிரும்வரை தட்டிக்கொண்டே இருக்கிறாள்.